கிறுகத் தெரிந்தால்தான் 25 மீற்றர்

வாசகர் கேள்விகளுக்குக் கல்லடியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர் பதில் தருகிறார்.

கேள்வி: டீச்சர், என் மகள் எட்டாம் தரம் படிக்கிறாள். ஆறு மாதமாக 25 மீற்றர் தடாகம் ஒன்றில் நீச்சல் பழகுகிறாள். "ஒலிம்பிக்கில் 50 மீற்றர். இது அரைத் தடாகம், இங்கே எடுக்கிற நேரம் எதற்கும் உதவாது" என்று அவளுடைய மாமா சொல்லிவிட்டார். பிள்ளை சோர்ந்துபோய் இருக்கிறாள். 25 மீற்றரிலும் உலகப் போட்டி நடப்பதாக எங்கோ வாசித்தேன். உண்மையா?
ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: உண்மைதான் அம்மா. 1993இல் ஸ்பெயினின் பல்மா நகரில் தொடங்கியது அந்த உலகச் சம்பியன்ஷிப். 2024 டிசம்பரில் ஹங்கேரியின் புடாபெஸ்டில் நடந்தது பதினேழாவது. 25 மீற்றருக்கு உலக சாதனைப் பட்டியலும் தனியாக இருக்கிறது. 50 மீற்றர் நேரத்தோடு அதைக் கலக்க மாட்டார்கள். கலந்தால் நியாயமாகவும் இராது, ஏனென்றால் இரண்டும் வேறு வேறு வேலை.

எப்படி என்று சொல்கிறேன். 100 மீற்றர் நீந்த 50 மீற்றர் தடாகத்தில் ஒரு தடவை கிறுகினால், அதாவது சுவரருகே திரும்பினால் போதும். 25 மீற்றரில் மூன்று தடவை கிறுக வேண்டும். 1500 மீற்றர் என்றால் 59 தடவை! ஒவ்வொரு முறையும் சுவரைக் காலால் உதைத்துப் புறப்படும்போது கிடைக்கிற வேகம் கையடித்து நீந்தும் வேகத்தைவிட அதிகம். மேற்பரப்பில் உடம்பே அலையை எழுப்பி அந்த அலையோடு மல்லுக்கட்டுகிறது. கொஞ்சம் கீழே சுழியோடிப் போனால் அந்தத் தடை குறைந்துவிடும். அதனால்தான் பிரீஸ்டைல், வண்ணத்துப்பூச்சி, மல்லாந்த நீச்சல் மூன்றிலும் 15 மீற்றருக்குள் தலை வெளியே வந்தாக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். கணக்குப் பாருங்கள்: 25 மீற்றர் தடாகத்தில் 100 மீற்றர் நீந்துகிறவருக்கு நான்கு பதினைந்து, அதாவது 60 மீற்றர் வரை தண்ணீருக்குள்ளேயே போக இடம் உண்டு. பாதிக்கு மேல்!

அமெரிக்காவின் கிரெச்சன் வோல்ஷ் பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீற்றர் வண்ணத்துப்பூச்சியில் வெள்ளி எடுத்தவர். அதே ஆண்டு புடாபெஸ்டில் ஏழு தங்கம், பதினொரு உலக சாதனை. சுவரை விட்டுப் புறப்பட்டதும் நீருக்கடியில் அவர் உதைக்கும் அந்த உதையைக் காணொளியில் மகளோடு இருந்து பாருங்கள். அப்புறம் ஜோர்டன் குரூக்ஸ். கரீபியன் கடலில் கேமன் தீவுகள் என்று மூன்று சிறு தீவுகள். ஒரு லட்சம் சனம்கூட இல்லை. அங்கிருந்து வந்த பிள்ளை புடாபெஸ்டில் 50 மீற்றர் பிரீஸ்டைலை 19.90 செக்கனில் முடித்தார். 20 செக்கனுக்குக் குறைவாக அதை நீந்திய முதல் மனிதர் அவர்தான். மாமாவுக்கு இதைச் சொல்லுங்கள்.

நான் படுவான்கரைப் பக்கம் வாவியில் நீந்திப் பழகியவள். பதினாறு வயதில் கொழும்புக்குப் போட்டிக்குக் கூட்டிப்போனார்கள். பாதித் தூரம் நான்தான் முன்னுக்கு. சுவர் வந்ததும் இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை இழுத்து, உடம்பைத் திருப்பி, மறுபடி தொடங்கினேன். பக்கத்துப் பாதைப் பிள்ளைகள் சுவரருகே ஒரு குட்டிக்கரணம் போட்டு மறைந்தார்கள். நான் தலையை நிமிர்த்தியபோது அவர்களின் பாதங்கள்தான் தெரிந்தன. அன்றைக்கு எனக்குப் பலம் குறையவில்லை. கிறுகத்தான் தெரியவில்லை. அதை யாராவது முன்பே சொல்லித் தந்திருக்கலாமே என்ற கவலை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். ஒழுங்கான தடாகத்தில் அடியில் ஓடும் கறுப்புக்கோடு சுவருக்கு 2 மீற்றர் முன்னால் குறுக்குக்கோட்டோடு முடியும். அந்தக் குறுக்குக்கோட்டைத் தாண்டியதும் நாடியை நெஞ்சோடு ஒட்டி, முழங்காலை வயிற்றோடு மடக்கி உருள வேண்டும். உருளும்போது மூக்கால் மெல்ல ஊதிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் மூளைக்கு ஏறியது போல் எரியும். பாதம் சுவரில் படும் நேரம் முகம் மேலே பார்க்கும். அப்படியே உதைத்துவிட்டுப் பிறகு கவிழ்ந்தால் போதும். சுவரில் நின்றுகொண்டு கவிழப் பார்ப்பதில்தான் பிள்ளைகள் நேரத்தை விடுகிறார்கள். முதல் இரண்டு கிழமை வீட்டில் மெத்தையில் உருளட்டும். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்ற விளையாட்டு வேண்டாம். தண்ணீருக்குள் மயங்கினால் சத்தம் வராது.

கேள்வி: நான் முகத்துவாரப் பக்கம். தடாகத்தையே கண்டதில்லை, ஆனால் ஆற்றில் எவ்வளவு நேரமும் நீந்துவேன். போட்டிக்குப் போகலாமா?
பத்தொன்பது வயது வாசகர்

பதில்: போகலாம் தம்பி, ஆனால் உங்களுக்குரிய போட்டி வேறு. சுவரே இல்லாத திறந்தவெளி நீச்சல் இருக்கிறது. 2008 முதல் ஒலிம்பிக்கிலும் 10 கிலோமீற்றர் நடக்கிறது. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையைக் கடந்து திரும்பியும் வந்தார், 51 மணித்தியாலம். நம்முடைய மண்ணில் அந்த வரலாறு இருக்கிறது. ஆனால் தனியாகப் போக வேண்டாம். தோணியில் ஒருவர் கூடவே வரட்டும். முதலை உள்ள பகுதிகள் எவை என்று வலை வீசுகிறவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். வாவித் தண்ணீர் கடலுக்குப் போக முகத்துவாரம் வெட்டிவிட்ட காலத்தில் அந்தப் பக்கமே வேண்டாம், இழுவை உங்கள் பலத்தைக் கேட்காது.

கேள்வி: என் மாமியின் இரண்டு பிள்ளைகளைச் சுனாமி கொண்டுபோனது. பேத்தியை நீச்சலுக்கு விட மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?
பாண்டிருப்பிலிருந்து ஒரு மருமகள்

பதில்: மாமியோடு வாதாட வேண்டாம் பிள்ளை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நானும் மூன்று வருடம் கடலில் கால் நனைக்கவில்லை. முதலில் மாமியை மட்டும் ஒரு நாள் தடாகத்துக்குக் கூட்டிப்போங்கள். இடுப்பளவுத் தண்ணீர் உள்ள பக்கத்தில் கதிரை போட்டு இருத்துங்கள். மற்றப் பிள்ளைகள் பழகுவதைப் பார்க்கட்டும். பேத்தியை அன்றைக்கு இறக்க வேண்டாம். மாமி தானாகச் சம்மதிக்கிற நாளில், முதல் பாடமாக மல்லாந்து மிதக்க மட்டும் பழக்குங்கள். காதுவரை தண்ணீர், முகம் வெளியே, கை இரண்டும் விரித்தபடி. பயிற்றுநரின் கை முதுகுக்குக் கீழே இருக்கும். பத்து எண்ணும்வரை அந்தக் கையை எடுத்துவிட்டு மறுபடி வைப்பார். அந்தப் பத்தையும் மாமியே எண்ணட்டும்.