ரோமானியக் கப்பல்களில் மேலோடு முதலில் கட்டப்பட்டது ஏன்?

மேலோடு முதலில் என்பது, கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் அடிமரத்தை வைத்ததும், விலா எலும்புகள் போன்ற உட்புற மரச்சட்டங்களை நிறுவாமல், பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விளிம்போடு விளிம்பு சேர்த்துக் கப்பலின் உடலை உருவாக்கும் முறையாகும். அடுத்தடுத்த இரு பலகைகளின் விளிம்புகளிலும் எதிரெதிரே பள்ளம் செதுக்கி, இரண்டுக்கும் பொதுவாக ஒரு தட்டையான மரத்துண்டைச் செருகி, அது நழுவாதிருக்க இருபுறமும் மர ஆணி அடித்தார்கள். சட்டங்கள் பெரும்பாலும் அதன் பின்னரே உள்ளே பொருத்தப்பட்டன.

இதற்குக் காரணம், அலைகள் கப்பலை முறுக்கும்போது பக்கத்துப் பலகைகள் ஒன்றையொன்று உரசி நழுவப் பார்ப்பதே. இணைப்புத் துண்டுகள் அந்த நழுவலைத் தடுப்பதால், பலகைச் சுவரே பாரத்தைத் தாங்குகிறது. பந்தலில் கால்களே சுமையைத் தாங்க, கீற்று வெறும் மறைப்பாக இருக்கிறது. பானையிலோ சுவரைத் தவிர வேறு தாங்கி இல்லை. ரோமானியக் கப்பல் பானையின் இனம்.

பிரான்சின் தென்கரையில், மத்ராக் து ஜியென் என்னுமிடத்தில் மூழ்கிக் கிடந்த கி.மு. முதல் நூற்றாண்டுச் சரக்குக் கப்பல் சுமார் 40 மீட்டர் நீளமுடையது. அதன் பலகைச் சுவர் இரண்டு அடுக்காக இருந்தது. வெளியே, மரத்தைத் துளைக்கும் கடற்புழுக்களுக்கு எதிராக ஈயத்தகடும் போர்த்தப்பட்டிருந்தது. வலுவான முறைதான்; ஆனால் ஒவ்வொரு பள்ளத்தையும் கையால் செதுக்க வேண்டியிருந்ததால் உழைப்பை விழுங்கியது.

இது ரோமானியரின் கண்டுபிடிப்பு என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் துருக்கிக் கரையருகே உலுபுருனில் கிடைத்த, கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கப்பலிலேயே இந்த இணைப்பு இருக்கிறது.