படிக்கிறார்கள், பதில் போடுவதில்லை: அவர்களைக் குழுவிலிருந்து நீக்கலாமா?

கேள்வி: ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் எனப்படும் முடக்குவாதம் உள்ளவர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறேன். எனக்கும் அதே நோய்தான். குழுவில் 210 பேர் இருக்கிறோம். நான் போடும் எந்த மெசேஜை அழுத்திப் பார்த்தாலும் 160 பேருக்கு மேல் படித்ததாகக் காட்டுகிறது. பதில் போடுவது என்னவோ அதே 15 பேர்தான். போன மாதம் ஒரு நாள் இரவு, புதிதாகச் சேர்ந்த ஒருவர், ‘மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை போட்ட மறுநாள் ஒரே குமட்டல், யாருக்காவது இப்படி இருக்கா?’ என்று கேட்டார். விடியும்வரை யாரும் வாய் திறக்கவில்லை. காலையில் நான்தான் பதில் போட்டேன். அதன்பிறகு அவர் எதையுமே கேட்கவில்லை. ‘வேடிக்கை பார்க்க வந்தவர்களை எல்லாம் எடுத்துவிடுங்கள், பேசுகிறவர்கள் மட்டும் இருக்கட்டும்’ என்கிறார்கள் குழுவில் உள்ள சிலர். நீக்கிவிடலாமா? இல்லை, பேச வைக்க வழி இருக்கிறதா? – ஒரு வாசகி

பதில்: நீக்காதீர்கள். ஒரு நோயோடு தினமும் மல்லுக்கட்டுகிறவருக்கு உங்கள் குழுதான் ஒரே இடமாக இருக்கலாம். அவர் பேசவில்லை என்பதால் அவருக்கு அது தேவைப்படவில்லை என்று முடிவுகட்ட முடியாது.

வேடிக்கை பார்க்கிறார்கள் என்ற பேச்சையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது அநியாயமான பேச்சு. நெதர்லாந்தில் மார்பகப் புற்றுநோய், உடம்பெங்கும் வலி தரும் ஃபைப்ரோமயால்ஜியா, மூட்டுவாதம் ஆகியவற்றுக்கான இணைய ஆதரவுக் குழுக்களில் இருந்தவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தி 2008இல் வெளியிட்டார்கள். எழுதுகிறவர்களையும் படிக்க மட்டும் செய்கிறவர்களையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்டார்கள். நோயைப் பற்றித் தெரிந்துகொண்டது, மருத்துவரிடம் தைரியமாகப் பேச முடிந்தது, நோயை ஏற்றுக்கொண்டது, சிகிச்சையில் நம்பிக்கை வந்தது என எதிலும் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றே ஒன்றில்தான் படிக்க மட்டும் செய்தவர்கள் பின்தங்கியிருந்தார்கள். நாலு பேர் கூட இருக்கிறார்கள், தனியாக இல்லை என்ற உணர்வு அவர்களுக்குக் குறைவாக இருந்தது.

நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் இதற்குள்ளேயே பதில் இருக்கிறது. தகவல் பேசாதவருக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. துணைதான் போய்ச் சேருவதில்லை. ஆகவே 210 பேரையும் பேச வைப்பது உங்கள் வேலை இல்லை. துணை தேடி வந்துவிட்டு, வாய் திறக்கத் தயங்கி நிற்கிறவர்கள் அவர்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களுடைய தயக்கத்தை எடுத்துவிடுவதுதான் உங்கள் வேலை.

15 என்ற எண்ணிக்கையைப் பார்த்து மனம் தளர வேண்டாம். இணையத்தில் கூடும் பெரிய கூட்டங்களில் 90 சதவீதம் பேர் படிப்பார்கள், 9 சதவீதம் பேர் எப்போதாவது எழுதுவார்கள், 1 சதவீதம் பேர்தான் ஓயாமல் எழுதுவார்கள் என்று இணையப் பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2006இல் ஒரு கணக்குச் சொன்னார். அதை உங்கள் குழுவுக்குப் போட்டால் 21 பேர் பேச வேண்டும்; உங்களிடம் 15 பேர். பெரிய குறை ஒன்றும் இல்லை. ஆனால் எல்லா இடத்துக்கும் அந்தக் கணக்குப் பொருந்தாது. ஆய்வாளர்கள் பிளேர் நானெக்கியும் ஜென்னி ப்ரீஸும் 2000இல் மின்னஞ்சல் குழுக்களை எண்ணிப் பார்த்தபோது, மென்பொருள் சந்தேகங்களுக்கான குழுக்களில் பேசாதவர்கள் சராசரியாக 82 சதவீதம் இருந்தார்கள். நோயாளிகளுக்கான குழுக்களில் 46 சதவீதம்தான். உடம்பு நோகும்போது மனிதர்களுக்குப் பேச வேண்டியிருக்கிறது. நானெக்கியும் ப்ரீஸும் கணக்குப் பார்த்தது ஒரு வாரத்தை வைத்து அல்ல, மூன்று மாதங்களை வைத்து. நீங்களும் மூன்று மாத மெசேஜ்களை மேலே தள்ளிப் பாருங்கள். ஒரே ஒரு முறை எழுதியவரையும் சேர்த்துக்கொண்டால் 15 என்பது கூடிவிடும் என்றே நினைக்கிறேன்.

சரி, மற்றவர்கள் ஏன் பேசுவதில்லை? ப்ரீஸும் நானெக்கியும் டோரின் ஆண்ட்ரூஸும் 2004இல் வெளியிட்ட ஆய்வில் இதைப் பேசாதவர்களிடமே கேட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் சொன்ன காரணம் ‘படித்தாலே போதும்’ என்பது. தேடி வந்த விஷயத்தை வேறு யாரோ கேட்டு, பதிலும் வந்துவிட்டால் திரும்ப எதற்குக் கேட்க வேண்டும்? குழு எப்படிப்பட்டது என்று இன்னும் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சிலர் சொன்னார்கள். பேசாமல் இருப்பதே உதவி என்று சிலர் நினைத்தார்கள். எப்படி எழுதுவது என்று பிடிபடாதவர்கள், குழுவின் போக்கே பிடிக்காதவர்கள் என்று சிலர். நான் முக்கியமாக நினைப்பது வேறொன்று. பேசவே கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு வந்தவர்கள் அவர்களில் 13 சதவீதம் அளவுக்குத்தான். மற்றவர்கள் வந்த பிறகு மௌனமானவர்கள். வந்த இடத்தில் ஏதோ ஒன்று அவர்களை அப்படி ஆக்கியிருக்கிறது.

உங்கள் குழுவில் அது என்னவாக இருக்கும் என்று யோசித்தபோது எனக்கு முதலில் தோன்றியது விரல்கள். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் எழுந்தால் கைவிரல்கள் மடங்காது, அந்த இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் போகும். அந்தக் கையோடு சின்ன கீபோர்டில் நாலு வரி அடிப்பது எவ்வளவு பெரிய பாடு! படிக்க ஒரு விரலால் தள்ளினால் போதும். பதில் எழுத பத்து நிமிடம் வலிக்க வேண்டும். மனம் இருந்தும் கை ஒத்துழைக்காதவர்கள் அந்த 195 பேரில் நிச்சயம் இருப்பார்கள். வாய்ஸ் மெசேஜ் இங்கே தாராளமாகச் செல்லும் என்று குழு விளக்கத்திலேயே எழுதிவையுங்கள். மைக் குறியை அழுத்தியபடியே பேச வேண்டியதில்லை, அழுத்தி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், விரலை எடுத்துவிட்டுப் பேசலாம். இது பலருக்குத் தெரியாது. நீங்களே வாரத்துக்கு ஒரு மெசேஜை எழுத்தில் போடாமல் குரலில் போடுங்கள். மற்றவர்களுக்குக் கூச்சம் விடும். இதயக் குறியோ கும்பிடு குறியோ போட்டால்கூட அதுவும் பதில்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெயரும் போன் நம்பரும். குழுவில் ஒரு வரி எழுதிய உடனே 209 பேருக்கு உங்கள் நம்பர் கண்ணில் படுகிறது, பெயர் தெரிகிறது, பலருக்கு முகமும் தெரிகிறது. நோய் இருப்பதை அலுவலகத்தில் சொல்லாதவர் இருப்பார். உறவில் யாருக்கும் தெரியக் கூடாது என்று காப்பாற்றி வைத்திருப்பவர் இருப்பார். தாம்பத்தியம், கர்ப்பம், மனச்சோர்வு பற்றியெல்லாம் 209 பேர் நடுவில் எப்படிக் கேட்பது? வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு (poll) வைத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள், தீராது. யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது பெயரோடு எல்லோருக்கும் தெரியும். சந்திப்புக்கு எந்த நாள் வசதி என்பது போன்றவற்றோடு வாக்கெடுப்பை நிறுத்திக்கொள்ளுங்கள். கூச்சமான கேள்விகளுக்கு நீங்களே நடுவில் நில்லுங்கள். ‘குழுவில் கேட்கத் தயக்கமாக இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள், உங்கள் பெயர் சொல்லாமல் நான் கேட்கிறேன்’ என்று ஒரு வரி போட்டு, அதை மேலேயே நிற்கும்படி பின் (pin) செய்துவையுங்கள். கேட்கும்போது ஊர், வயது, வேலை மாதிரி ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிடுங்கள். நான் சொல்லும் யோசனைகளில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

அந்த இரவில் குமட்டலைப் பற்றி வந்த கேள்விக்கு வருவோம். படித்தவர்களில் பலருக்கு அதே அனுபவம் இருந்திருக்கும். மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்களுக்கு அது அடிக்கடி வருகிற தொல்லை. இருந்தும் ஏன் யாரும் சொல்லவில்லை? உளவியலாளர்கள் ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் 1968இல் செய்த சோதனை இதைத்தான் விளக்குகிறது. தனித்தனி அறைகளில் இருந்த மாணவர்கள் இன்டர்காமில் பேசிக்கொண்டிருக்கும்போது, ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல் குரல் கேட்க வைத்தார்கள். கேட்டது தான் ஒருவர்தான் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், அந்தக் குரல் அடங்குவதற்குள்ளேயே உதவிக்கு எழுந்து போனார்கள். இன்னும் நாலு பேருக்கும் கேட்கிறது என்று நினைத்தவர்களில் அப்படிப் போனவர்கள் 31 சதவீதம்தான். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. யாராவது போயிருப்பார்கள் என்று நினைத்தார்கள். ஐந்து பேரிலேயே இப்படி என்றால், 210 பேர் குழுவில் ‘யாருக்காவது’ என்று கேட்ட கேள்வியை ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு விட்டுவிட்டதில் ஆச்சரியம் இல்லை.

இதில் இன்னொரு காரணமும் கலந்திருக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட் இந்த நோய்க்கு வாரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய மருந்து. தவறித் தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. தப்பாக ஏதாவது சொல்லி வைத்துவிடக் கூடாது என்று பொறுப்பான ஆள் வாயை மூடிக்கொள்வார். அந்தக் கவனத்தை நான் மதிக்கிறேன், அது உங்கள் குழுவுக்குத் தேவையும்கூட. அதனால் ஆலோசனை கேட்காமல் அனுபவத்தை மட்டும் கேட்கிற மாதிரி கேள்வியை நீங்கள் திருப்பிப் போடலாம். ‘மாத்திரை போட்ட மறுநாள் குமட்டல் வந்தவர்கள் கை தூக்கும் குறி போடுங்கள். டாக்டரிடம் அதைப் பற்றிச் சொன்னீர்களா என்று மட்டும் சொல்லுங்கள். டோஸ் பற்றி இங்கே பேச வேண்டாம்’. இதற்குப் பதில் சொல்ல யாருக்கும் பயம் இருக்காது. கேட்டவருக்கும், பத்துக் கைகளைப் பார்த்தாலே பாதி பாரம் இறங்கும்.

முதல் கேள்விக்குப் பதில் கிடைக்கிறதா என்பதுதான் ஒருவர் திரும்ப எழுதுவதையும் எழுதாமல் போவதையும் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இணையக் குழுக்களில் எலிசபெத் ஜாய்ஸும் ராபர்ட் கிராட்டும் செய்த ஆய்வு 2006இல் வந்தது. முதல் மெசேஜுக்குப் பதில் கிடைத்த புதியவர்களே மறுபடி எழுதும் வாய்ப்பு அதிகம் என்று அதில் தெரிந்தது. ஆகவே அந்த 15 பேரில் நம்பிக்கையான மூன்று நான்கு பேரைப் பிடியுங்கள். கிழமை பிரித்துக்கொடுங்கள். புதியவர் யார் கேட்டாலும் அன்றைய பொறுப்பாளர் ஒரு வரியாவது போட வேண்டும். பதில் தெரியாவிட்டாலும் ‘பார்த்தேன், தெரிந்தவர்களைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்றால் போதும். பொறுப்பாளருக்குத் தெரிந்த ஓர் உறுப்பினருக்கு அதே அனுபவம் இருந்தால், அவரிடம் தனியாகக் கேட்டு அழைத்து வரலாம். முன்கூட்டிக் கேட்காமல் குழுவில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வேண்டாம். உடல்நலம் பேசும் இடத்தில் அது ஆளை மாட்டிவிடுவது போலாகிவிடும். போன மாதம் கேட்டவருக்கு இன்றே தனியாக ஒரு மெசேஜ் போடுங்கள்: ‘அன்றைக்கு நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. பதில் வரத் தாமதமானது உங்களால் அல்ல. இப்போது எப்படி இருக்கிறது?’

பேசுகிற 15 பேரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், மனம் நோகாமல் அவர்களிடம் எடுத்துச் சொல்வது உங்கள் பொறுப்பு. ஒருவருக்கொருவர் நன்றாகப் பழகியவர்கள் பேசும் பேச்சில் ஒரு நெருக்கம் வந்துவிடும். பழைய கதைகள், பாதியில் விட்டாலும் புரிகிற வாக்கியங்கள். அவர்களுக்கு அது இனிமையாக இருக்கும்; வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ அடுத்த வீட்டுக் கூடத்தில் நுழைந்துவிட்டது போல இருக்கும். ‘இதைப் பற்றி முன்னாடியே பேசியாச்சு, மேலே பாருங்க’ என்ற ஒரு பதில் போதும், கேட்டவரோடு சேர்ந்து, கேட்க நினைத்திருந்த பலரும் அடங்கிவிடுவார்கள். காலை வணக்கப் படங்களுக்கும் பார்வேர்டுகளுக்கும் தனியாக ஒரு குழு ஆரம்பித்துக் கொடுத்துவிடுங்கள். கேள்வி வந்து பத்து நிமிடத்தில் ஆறு படங்கள் வந்தால் அது மேலே போய்விடும், யார் கண்ணிலும் படாது.

இவ்வளவும் செய்த பிறகும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பேசாமலேதான் இருப்பார்கள். விட்டுவிடுங்கள். ‘வாரம் ஒருமுறையாவது எழுத வேண்டும், இல்லாவிட்டால் நீக்கப்படும்’ என்று சில அட்மின்கள் விதி போடுவதுண்டு. அதனால் வருவது ‘ஓகே’, ‘நன்றி’ என்ற சொற்கள் மட்டுமே. அவற்றுக்கு நடுவில் உண்மையான கேள்வி தொலைந்துபோகும். பேசாமல் படித்தவர் தன் டாக்டரிடம் போய்ச் சரியான கேள்வியைக் கேட்டிருப்பார், அதே நோய் வந்த வேறொருவருக்கு உங்கள் குழுவில் படித்ததைச் சொல்லியிருப்பார். அது உங்கள் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நடக்கிறது.

நீங்கள் கவனிக்க வேண்டிய மௌனம் ஒன்று இருக்கிறது: வாரத்துக்கு நாலு முறை எழுதிக்கொண்டிருந்தவர் திடீரென்று நின்றுபோவது. நோய் முற்றிப் படுத்திருக்கலாம், மருந்து மாற்றியதில் சிரமம் இருக்கலாம், குழுவில் யாரோ சொன்ன சொல் தைத்திருக்கலாம், வீட்டில் ஏதாவது நடந்திருக்கலாம். இரண்டு வாரம் ஆகிவிட்டால் தனியாக விசாரியுங்கள். ‘எங்கே ஆளையே காணோம்’ என்று எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். ‘பதில் எழுத வேண்டாம், கை வலித்தால் ஒரு குறி மட்டும் போடுங்கள், நான் கூப்பிடுகிறேன்’ என்று எழுதுங்கள். இரண்டு நாளில் குறி வராவிட்டால் நீங்களே போன் போட்டுவிடுங்கள்.