சோலார் வாட்ச் வெயிலில் வைத்தும் ஓடவில்லையே?

கேள்வி: 1970-களின் கடைசியில் வந்த ஜப்பான் சோலார் டிஜிட்டல் வாட்ச் ஒன்றை ஆன்லைனில் 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். “டெஸ்ட் செய்தது, பேட்டரியே வேண்டாம், வெயிலில் வைத்தால் ஓடும்” என்று விற்றவர் எழுதியிருந்தார். நான்கு நாள் மொட்டை மாடியில் வைத்தும் எண்கள் வரவில்லை. இப்போது “ஒரிஜினல் சார்ஜ் செல்” இருக்கிறது, 2,000 ரூபாய் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முதலில் வாட்சை மாடியிலிருந்து எடுத்து வையுங்கள். அதற்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. நம் வெயிலில் எல்சிடி முழுக்கக் கறுத்துப்போகும். அது ஆறினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனால் அதன்மேல் ஒட்டியிருக்கும், வெளிச்சத்தை வடிகட்டி எண்களைத் தெரியவைக்கும் போலரைசர் தாள் கெட்டால் எண்கள் மங்கியதுதான்.

சோலார் வாட்சில் பேட்டரி இல்லை என்பது பொய். பகலில் வரும் மின்சாரத்தைச் சேர்த்துவைக்க உள்ளே சார்ஜ் ஆகும் செல் ஒன்று உண்டு. இருட்டிலும் வாட்ச் ஓடுவது அதனால்தான். நாற்பது வருடத்துக்கு மேலான அந்தச் செல் செத்திருக்கும். சோலார் பட்டை நன்றாகவே வேலை செய்தாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

“ஒரிஜினல்” செல்லை 2,000 கொடுத்து வாங்கினாலும் இதே நிலைமைதான். கவரைப் பிரிக்காமல் வைத்திருந்தாலும் செல்லுக்கு வயதாகும். அந்தக் காலத்துச் செல் என்றால் அதுவும் செத்தது. நன்றாக ஓடுகிறது என்றால் சாதாரண செல்மேல் புது ஸ்டிக்கர். இதை விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எனக்குக் கோபம் வருவதும் அதனால்தான்.

கம்பெனிக்காரர்கள் உதவுவார்களா? நான் ஒருமுறை சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போனேன். வாட்சைத் திறக்கக்கூட இல்லை, மாடல் எண்ணைக் கேட்டதுமே “பார்ட்ஸ் வராது சார்” என்று திருப்பித் தந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்றால் பேட்டரி என்ற சொல்லைப் பார்த்ததுமே கூரியர்காரர்கள் கையை விரிக்கிறார்கள். அப்புறம் ஜனம் இடைத்தரகரிடம் போகாமல் என்ன செய்யும்?

வழி இருக்கிறது. நல்ல வாட்ச் ரிப்பேர்காரரிடம் சோலார் பட்டையிலிருந்து வரும் ஒரு ஒயரை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். பிறகு அதே அளவில், அதே வோல்ட்டில் சாதாரண சில்வர் ஆக்சைடு செல் போட்டால் போதும். ஒயரை எடுக்காமல் போட்டால் பட்டை அந்தச் செல்லையும் சார்ஜ் செய்யப் பார்க்கும். அது உப்பி ஒழுகும். மலிவான எல்ஆர் (அல்கலைன்) செல் வேண்டவே வேண்டாம், அது ஒழுகி கான்டாக்டைத் தின்றுவிடும். இன்றைய சோலார் வாட்சுகளில் வரும் 2.3 வோல்ட் சிடிஎல் என்ற சார்ஜ் ஆகும் லித்தியம் செல்லும் இதற்குப் பொருந்தாது.

இதில் ஒரு விலக்கைக் கட்டாயம் சொல்ல வேண்டும், சேகரிப்பவர்கள் பணத்தை விடுவது அங்கேதான். சின்க்ரோனார் 2100 என்று ஒரு வாட்ச். ரோஜர் ரீல் என்ற அமெரிக்கர் வடிவமைத்து 1970-களில் விற்பனைக்கு வந்தது. சோலார் பட்டை மேலே இருக்கும். சிவப்பு எல்இடி எண்கள் பக்கவாட்டில். அதன் நாட்காட்டி 2100 வரை போகும். செல், சர்க்யூட் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கட்டிக்குள் அடைபட்டவை. ரிப்பேர்காரர் திறக்கிற மாதிரி பின்மூடி இல்லை. “செல் மாற்றினால் ஓடும்” என்று யாராவது விற்றால், மாற்ற வேண்டுமானால் அறுத்துத்தான் திறக்க வேண்டும் என்று பொருள். இரவு முழுக்க இருட்டில் வைத்து, காலையில் பட்டனை அழுத்தி எண்கள் எரிவதை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் விட்டுவிடுங்கள். வெயிலில் எடுத்த வீடியோ எதையும் நிரூபிக்காது.

உங்கள் வாட்சுக்கு வருவோம். ரிப்பேர்காரர் பின்மூடியைத் தொடுவதற்கு முன் “டெஸ்ட் செய்தது” என்ற அந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். திறந்த பிறகு நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்பார்கள். திருப்பி அனுப்பும் கெடு பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்தான். அதில் நான்கு நாள் மாடியிலேயே போய்விட்டது.