வீடியோவில் டாக்டரா, நேரே ஆஸ்பத்திரியா?

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை, சில மாலைகளில் வீடியோ ஆலோசனையும் பார்க்கிறேன். எதைப் போனில் கேட்கலாம், எதற்கு நேரில் ஓட வேண்டும் என்று கேட்டிருந்தவர்களுக்குச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, சுகர் உண்டு. நேற்று ராத்திரி நெஞ்சில் பாரம், வியர்வை. கேஸ் என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தார், இப்போது நன்றாக இருக்கிறார். வீடியோவில் ஒரு டாக்டரிடம் காட்டினால் போதுமா?

பதில்: போதாது தம்பி. இதைப் படித்து முடித்ததும் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். வாய்வா மாரடைப்பா என்று முகத்தைப் பார்த்து எந்த டாக்டராலும் சொல்ல முடியாது, ஈசிஜி வேண்டும், அதுவும் முதல் ஈசிஜி சில சமயம் நார்மலாகவே வரும், அதனால்தான் சில மணி நேரம் வைத்திருந்து மறுபடி ஈசிஜி, இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை என்று பார்க்கிறோம். சுகர் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் வியர்வையும் மூச்சுத்திணறலுமாகக்கூட மாரடைப்பு வரும். திரும்ப வந்தால் 108தான். பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிப்போகிற வேலை வேண்டாம், வழியில் மயங்கினால் என்ன செய்வீர்கள்?

கேள்வி: அம்மாவுக்கு வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு குழறியது. கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. காலையில் ஆன்லைனில் அப்பாயின்ட்மென்ட் போடட்டுமா?

பதில்: காலை வரை காத்திருக்காதீர்கள், சி.டி. ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கு இப்போதே போங்கள். தானாகச் சரியானாலும் அடுத்து பெரிய பக்கவாதமாக வரலாம். மறுபடி வந்து, இந்த முறை தானாகச் சரியாகாமல் இருந்தால், ரத்த உறைவைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று அங்கே கேட்பார்கள், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேடம், 4 வயதுப் பையனுக்கு இரண்டு நாளாக 101 டிகிரி, சளி. விளையாடுகிறான், தண்ணீர் குடிக்கிறான். ஆஸ்பத்திரிக் கூட்டத்துக்கு நடுவே கொண்டுபோக மனசில்லை.

பதில்: கொண்டுபோக வேண்டாம், இது வீடியோவுக்கு ஏற்ற கேஸ். ஆனால் டாக்டர் கேட்கும் முன்பே ஒன்று செய்து வையுங்கள். பையன் அமைதியாகவோ தூங்கும்போதோ சட்டையைக் கழற்றி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இந்த வயதில் 40க்கு மேல் போனாலும், விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே இழுத்தாலும் நேரில்தான். ஒரு வயதுக்குள் என்றால் 50. மூன்று மாதத்துக்குள் இருக்கிற குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், ராத்திரி இரண்டு மணி ஆனாலும் தூக்கிக்கொண்டு வாருங்கள். காது வலி என்றாலும் ஒருமுறை நேரில் காட்டுவது நல்லது, போன் கேமராவில் செவிப்பறை தெரியாது.

கேள்வி: தங்கைக்கு டெங்கு. போனில் பார்த்த டாக்டர் சொன்னபடி பாராசிட்டமால் கொடுத்தோம், நாலாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் வயிற்று வலி, நாலைந்து முறை வாந்தி. காய்ச்சல்தான் போய்விட்டதே, போனிலேயே தொடரலாமா?

பதில்: இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். டெங்குவில் ஆபத்தான நேரமே காய்ச்சல் விடும்போதுதான் தொடங்குகிறது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து பிரஷர் இறங்கும், ஆள் தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே இறங்கும். தீராத வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது, இதில் எது வந்தாலும் ஆஸ்பத்திரி. எல்லாரும் பிளேட்லெட் எண்ணிக்கையையே கேட்கிறார்கள், எனக்கு பிரஷரும், ரத்தம் எவ்வளவு கெட்டியாகிவிட்டது என்று காட்டும் ஹெமட்டோகிரிட்டும்தான் முதலில் வேண்டும். உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் புரூஃபன், டைக்ளோ வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: வீடியோவில் பணம் கட்டினேன், மூன்றே நிமிடத்தில் "நேரில் போங்கள்" என்று வைத்துவிட்டார். இதற்கு எதற்குக் காசு?

பதில்: கோபம் புரிகிறது, ஆனால் அவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலே, அவசரம் என்றால் முதலுதவி சொல்லி உடனே நேரில் அனுப்பு என்றுதான் சொல்கிறது. நெஞ்சு வலிக்குப் போனிலேயே மாத்திரை எழுதித் தருகிறவரிடம்தான் நான் பயப்படுவேன். காசுதான் பிரச்சினை என்றால் அரசின் ஆன்லைன் டாக்டர் சேவையான இ-சஞ்சீவனி இலவசம். ஆனால் அதுவும் ஓ.பி. மாதிரிதான், அவசரத்துக்கு இல்லை.

கேள்வி: அப்படியென்றால் போனில் எதைத்தான் கேட்பது?

பதில்: நிறைய இருக்கிறது. படர்தாமரை (நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள்), தொடர்ந்து சாப்பிடும் பிரஷர் மாத்திரை, லேப் ரிப்போர்ட், தொண்டை வலி, காய்ச்சல் இல்லாத நீர்க்கடுப்பு. கர்ப்பிணிக்கு நீர்க்கடுப்பு என்றால் மட்டும் நேரில்.

கேள்வி: தெருநாய் பல் லேசாகப் பட்டது, கொஞ்சம் ரத்தம். போட்டோ அனுப்பட்டுமா அக்கா?

பதில்: போட்டோ வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள், அப்புறம் இன்றே ஜி.எச். ரத்தம் வந்த கடிக்குத் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, உடனே வேலை செய்யும் எதிர்ப்பு மருந்தும் போட வேண்டும்.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தை எலி பேஸ்ட் டியூபை வாயில் வைத்துவிட்டாள். வாயைத் துடைத்துவிட்டோம், நன்றாக விளையாடுகிறாள். ஏதாவது வந்தால் போனில் கேட்கலாம் என்று காத்திருக்கிறோம்.

பதில்: காத்திருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். பல எலி பேஸ்ட்களில் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ், முதல் ஓரிரு நாள் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்துவிட்டு, பிறகு கல்லீரலைக் கெடுக்கும். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், உப்புத் தண்ணீர், எண்ணெய் எதுவும் கொடுக்க வேண்டாம். அந்த டியூபைக் கையோடு கொண்டுபோங்கள், எத்தனை மணிக்கு வாயில் வைத்தாள் என்பதையும் சொல்லுங்கள்.