இடுப்பில் தூக்கினால் கால் வளையுமா?

குழந்தைகள் எலும்பு மருத்துவர் பதில் சொல்கிறார்

கேள்வி: என் மகனுக்கு 16 மாதம். பத்து மாதத்திலேயே நடந்துவிட்டான். நிற்கும்போது முட்டிகளுக்கு நடுவே நல்ல இடைவெளி. இடுப்பில் தூக்கியதாலும் டயபர் போட்டதாலும்தான் என்கிறார் மாமியார். தினமும் எண்ணெய் தேய்த்துக் காலை இழுத்து நீவிவிடுகிறார். பூட்ஸ் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் உங்கள் மேல் விழுந்த பழியை எடுத்துவிடுகிறேன். இடுப்பில் தூக்கியதாலோ டயபராலோ கால் வளையாது. வயிற்றுக்குள் காலை மடக்கிச் சுருண்டு கிடந்த வாகுதான் பிறந்த பிறகும் தெரிகிறது. நடக்கத் தொடங்கியதும் பளிச்சென்று கண்ணில் படும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு வயதையொட்டி நேராகிவிடும். அப்புறம் மூன்று, நான்கு வயதில் நேர்மாறாக முட்டிகள் உள்பக்கம் வந்து இடிக்கும். அதற்கும் பயந்துபோய் என்னிடம் வருவார்கள். ஏழு வயதுவாக்கில் பெரியவர்களின் கால்வாகு வந்துவிடும்.

பூட்ஸ் வேண்டாம். இந்த இயல்பான வளைவை பூட்ஸும் நிமிர்த்தாது, நீவலும் நிமிர்த்தாது. தானாக நேராகிற காலுக்குப் பூட்ஸ் பெயர் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதைப் பாட்டி ஆசையாகச் செய்யட்டும். முட்டியை அழுத்துவதையும் கணுக்காலைப் பிடித்து இழுப்பதையும் மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். எலும்பு பலவீனமான குழந்தையென்றால் முறிவே ஏற்படலாம்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது இது. குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டிச்சில்லு இரண்டும் மேலே பார்க்கும்படி காலை நீட்டி, கணுக்கால்களைச் சேர்த்துப் பிடியுங்கள். முட்டிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்து தேதியோடு எழுதிவையுங்கள். ஒரு போட்டோவும் எடுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடியும் அளந்து பாருங்கள். குறைந்துகொண்டே வந்தால் நிம்மதியாக இருக்கலாம். 6 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, கூடிக்கொண்டே போனாலோ, ஒரு கால் மட்டும் வளைந்தாலோ, நொண்டினாலோ, இரண்டு வயது தாண்டியும் குறையாவிட்டாலோ உடனே காட்டுங்கள். மணிக்கட்டு தடித்திருந்தால் வைட்டமின் டி குறைவால் எலும்பு உறுதியிழக்கும் ரிக்கெட்ஸ் நோயாக இருக்கலாம். தாய்ப்பாலில் இந்தச் சத்து மிகவும் குறைவு; அதனால்தான் முதல் வருடம் தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து தரச் சொல்கிறோம். கொடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுக்காவிட்டால் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சீக்கிரம் நடந்த, எடை கூடிய சில குழந்தைகளுக்கு முட்டிக்குக் கீழே உள்பக்க எலும்பு வளர்ச்சி தடைபடும். இதற்கு பிளவுன்ட் நோய் என்று பெயர். மூன்று வயதுக்குள் தெரிந்தால் பிரேஸ் (காலைத் தாங்கிப் பிடிக்கும் கருவி) போட்டுப் பார்க்கலாம். உங்கள் பையனும் சீக்கிரம் நடந்தவன், அதனால் அளவெடுப்பதைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: மகளுக்கு 5 வயது. இரண்டு காலும் வளைவு, உயரமும் குறைவு. வைட்டமின் டி ஊசி பலமுறை போட்டும் மாற்றமில்லை. எனக்கும் சிறுவயதிலிருந்தே கால் வளைவுதான். ஆபரேஷன் செய்துவிடலாமா?
– வாசகி, தென்காசி

பதில்: இப்போது வேண்டாம் அம்மா. டி ஊசியையும் இனிப் போடாதீர்கள். அளவு மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உங்களுக்கும் வளைவு என்று எழுதியிருப்பதால், சிறுநீரகம் பாஸ்பேட்டை வெளியே விட்டுவிடும் பரம்பரை ரிக்கெட்ஸ் என்று சந்தேகிக்கிறேன். தாய்க்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதி வாய்ப்பு.

ரத்தத்தில் கால்சியம், பாஸ்பேட், ஆல்கலைன் பாஸ்படேஸ் (எலும்பு நிலையைக் காட்டும் நொதி), பி.டி.எச். (கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்), வைட்டமின் டி பார்க்க வேண்டும்; சிறுநீரிலும் பாஸ்பேட் பார்க்க வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: குழந்தைகளின் பாஸ்பேட் அளவு பெரியவர்களைவிட அதிகமாக இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் பெரியவர்களுக்கான வரம்பை அச்சிட்டிருந்தால், குறைந்த அளவும் 'நார்மல்' என்று தப்பிவிடும். வயதுக்கேற்ற வரம்பைக் கேளுங்கள்.

உறுதியானால் பாஸ்பேட் மருந்தை ஒரு நாளைக்குப் பல வேளையாகப் பிரித்து, கால்சிட்ரியாலோடு (உடல் நேரடியாகப் பயன்படுத்தும் வைட்டமின் டி வடிவம்) தருவார்கள். பாஸ்பேட் வெளியேறுவதைத் தடுக்கும் புரோசுமாப் என்ற ஊசியும் இருக்கிறது. விலை மிக அதிகம். ரத்தத்தில் இந்த அளவுகள் சீரானதும் ஓரளவு வளைவு தானாகக் குறையலாம். மிச்சத்துக்கு, முட்டியின் வெளிப்பக்க வளர்ச்சித் தட்டின் (எலும்பு நீளமாக வளரும் இடம்) மேல் சின்னப் பிளேட் வைத்து அந்தப் பக்க வளர்ச்சியைப் பிடித்து நிறுத்துவோம்; உள்பக்கம் வளர்ந்து கால் நேரானதும் எடுத்துவிடுவோம். ரத்த அளவுகள் சீராவதற்கு முன் ஆபரேஷன் செய்தால் கால் திரும்பவும் வளையும்.

மகளுக்குப் பரிசோதிக்கும் நாளிலேயே உங்கள் ரத்தத்தையும் கொடுங்கள். பல்லில் அடிக்கடி சீழ் கட்டினால், எலும்பு வலி இருந்தால், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். உங்களுக்கும் சிகிச்சை தேவைப்படலாம்.