பேரல் சூடும் பிடிக்கிற கையும்: ரைபிள் ஹேண்ட்கார்டு கேள்வி பதில்

நாகர்கோவில் பக்கம் மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளைகள் சிலர் ஹேண்ட்கார்டை, அதாவது ரைபிளின் பேரலைச் (குழலைச்) சுற்றிக் கை பிடிக்கிற உறையை, வைத்து புராஜெக்ட் செய்யப்போவதாகக் கேள்வி அனுப்பினார்கள். அதைப் பார்த்து மாவட்டத்தின் மற்ற ஊர்க்காரர்களும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்ப்பவனாக, இருந்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நாகர்கோவில் மாணவர்: சார், ஒரு ரவுண்டுக்கு பேரல் எவ்வளவு சூடாகும்? எந்தக் கணக்கிலிருந்து தொடங்குவது?

5.56 மில்லிமீட்டர் ரவுண்டை (தோட்டாவை) எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே சுமார் 1.7 கிராம் வெடிமருந்து. எரிந்தால் ஏறக்குறைய 6,500 ஜூல். அதில் குண்டு கொண்டுபோவது 1,700 ஜூல் அளவுக்குத்தான். பெரும்பகுதி புகையோடு பேரலின் வாய்வழியே போய்விடும். பேரலில் தங்குவது தோராயமாக 1,000 ஜூல் என்று வைக்கலாம். ஒரு கிலோ எஃகை ஒரு டிகிரி ஏற்ற 460 ஜூல் வேண்டும். ஆக, ஒரு கிலோ பேரல் என்றால் ரவுண்டுக்கு 2.2 டிகிரி. மூன்று மேகசினை, அதாவது 90 ரவுண்டை, மளமளவென்று காலி செய்தால், வெளிச்சூட்டையும் சேர்த்து 200 டிகிரியைத் தாண்டும்.

இது சராசரி மட்டும்தான் மக்களே. சுவர் மெலிந்த இடம் முதலில் கொதிக்கும். பல ரைபிள்களில் அந்த மெலிந்த இடம் ஹேண்ட்கார்டுக்கு அடியிலேயே இருக்கிறது. டிசைனை அங்கிருந்து தொடங்குங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து: அண்ணே, ஓட்டை நிறைய போட்டு காற்று விட்டால் போதாதா?

போதாது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். சூடு காற்றோட்டத்தில் மட்டும் போவதில்லை, கதிர்வீச்சாகவும் போகிறது. கருப்பு பாஸ்பேட் பூச்சுள்ள பேரல் 100 டிகிரியில் இருக்கும்போது, காற்று அசையாத இடத்தில், இரண்டும் ஏறக்குறைய சமம். 300 டிகிரிக்குப் போனால் கதிர்வீச்சு காற்றோட்டத்தைப்போல் இரண்டு மடங்கு. அந்தக் கதிர் ஓட்டை வழியே நேராக உங்கள் விரலுக்கு வரும்.

அதனால்தான் அமெரிக்க ராணுவ ரைபிளான எம்-16-இன் ஹேண்ட்கார்டைக் கழற்றி உட்புறம் பார்த்தால் பிளாஸ்டிக்கைத் தொடாமல் பளபளவென்று ஓர் அலுமினியத் தகடு நிற்கும். அதன் குட்டை வடிவமான எம்-4 கார்பைனில் அது இரட்டைத் தகடு. பளபளப்பு கதிரைத் திருப்பி அனுப்புகிறது, தகட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே உள்ள காற்று மிச்சத்தைத் தடுக்கிறது. அழகுக்காக அந்தத் தகட்டுக்குக் கருப்புப் பெயின்ட் அடித்துவிட்டால் அது போட்டதற்கே அர்த்தமில்லை.

ஆனால் திருப்பி அனுப்பிய சூடு எங்கே போகும்? பேரலுக்கே. கையைக் காப்பாற்றுவதும் பேரலை ஆற்றுவதும் ஒன்றுக்கொன்று எதிரான வேலைகள். இரண்டையும் ஓரளவு சேர்த்து வைப்பது காற்று இடைவெளி ஒன்றுதான். அந்த இடைவெளியை வரைந்துவிட்டு, அதைச் சுற்றித்தான் பிளாஸ்டிக்கோ அலுமினியமோ போடவேண்டும் என்பேன்.

குழித்துறையிலிருந்து: மாமா, பேரலைச் சுற்றி ஆஸ்பெஸ்டாஸ் கயிறு மாதிரி எதையாவது சுற்றிவிட்டால்?

நம் வீட்டுப் பழைய மூங்கில் புட்டுக்குற்றிக்குக் கயிறு சுற்றியிருப்பார்கள். கை சுடாது, உள்ளே ஆவியும் ஆறாது. புட்டுக்கு அது வேண்டும், பேரலுக்கு அது ஆகாது. சூடு உள்ளேயே நின்றால் சேம்பர் (சுடுமுன் ரவுண்ட் உட்காரும் அறை) பக்கமும் ஆறாது. நூற்றுக்கு மேல் ரவுண்டை வேகமாகச் சுட்டபின் சேம்பரில் ஒரு ரவுண்ட் கிடந்தால், டிரிக்கர் தொடாமலே வெடிக்கிற ஆபத்து உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலைக் கெடுப்பது, பெயரைக்கூட எடுக்க வேண்டாம்.

ஆரல்வாய்மொழியிலிருந்து: எங்க ஊர்க் காத்துக்கு எந்த ஓட்டையும் வேண்டாமே சார்?

கணவாய்க் காற்று உண்மையிலேயே உதவும். ஆனால் காற்றடிக்காத இடத்திலும் ரைபிள் வேலை செய்யவேண்டுமே. கீழே நுழைவழி, மேலே வெளிவழி இருந்தால் சூடான காற்று தானே மேலேறி, குளிர்ந்ததை இழுத்துக்கொள்ளும். ஒரு சங்கடம்: மேலே ஏறும் வெப்பக் காற்று சைட்டுக்கு (குறிபார்க்கும் பாகத்துக்கு) முன்னால் அலையடிக்கும், குறி நடுங்குவதுபோல் தெரியும். பழைய பிரிட்டிஷ் ரைபிளான லீ-என்ஃபீல்டில் பேரலுக்கு மேலேயும் மரம் மூடியிருந்தது கைக்கு மட்டுமல்ல, கண்ணுக்கும் உதவியது. துல்லியம் முக்கியம் என்றால் வெளிவழியை ஹேண்ட்கார்டின் உச்சியில் வைக்காமல் உச்சிக்கு இருபுறமும் சரித்து வையுங்கள்.

விளவங்கோட்டிலிருந்து ஒரு முன்னாள் ராணுவத்தார்: சாப், நம் பழைய எஸ்.எல்.ஆர். (செல்ஃப் லோடிங் ரைபிள்) மரப்பிடியின் சுகம் பின்னால் வந்த ரைபிளில் இல்லையே?

உண்மைதான் சாப். மரத்தின் வெப்பக் கடத்தல் மீட்டருக்கு, டிகிரிக்கு 0.15 வாட் அளவு, கண்ணாடி இழை சேர்த்த நைலான் 0.3, அலுமினியம் 160-க்கு மேல். கை சொல்வதும் இதே வரிசைதான். ஆனால் பழைய மர ஹேண்ட்கார்டு ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். உள்பள்ளத்தில் உலோகத்தை ஒட்டிய இடம் கரிந்து கறுத்திருக்கும், இடைவெளி இருந்த இடம் மட்டும் மரநிறம் மாறாமல் இருக்கும். மரம் காப்பாற்றியதைவிட இடைவெளி காப்பாற்றியது அதிகம் என்று அந்த நிறமே காட்டிக்கொடுக்கும். தவிர, நம்மூருக்கு மழை வருடத்துக்கு இரண்டு தடவை. மரம் ஈரம் குடித்து உப்பி பேரலை நெருக்கினால் குறி மாறிவிடும்.

குலசேகரத்திலிருந்து: அப்படியானால் ரப்பர் மரம்?

வேண்டாம். பூஞ்சையும் வண்டும் சீக்கிரம் பிடிக்கும் மரம். மருந்தேற்றினால் நாற்காலிக்கு அருமை.

தக்கலையிலிருந்து: பேரலைத் தொடாத ஹேண்ட்கார்டுதான் உசத்தி என்கிறார்களே?

துல்லியத்துக்கு ஆம். பின்முனையில் மட்டும் இறுக்கி, மீதி அந்தரத்தில் நின்றால், நீங்கள் எப்படி அழுத்திப் பிடித்தாலும் அந்த அழுத்தம் பேரலுக்குப் போகாது. முன்முனையும் பிணைந்த வகை என்றால் விரிவை மறக்காதீர்கள்: 300 மில்லிமீட்டர் எஃகு 200 டிகிரி ஏறினால் 0.7 மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் அதே சூட்டில் இரட்டிப்பாக நீளும். முன்னால் வழுக்க இடம் விடாவிட்டால் ஒன்று பேரலை வளைக்கும், இல்லையென்றால் ஹேண்ட்கார்டு ஆடும்.

குளச்சலிலிருந்து: கடற்கரையில் அலுமினியம் தாங்குமா? இன்னொன்று, திருவிதாங்கூர் படைத்தளபதி டிலனாய் உதயகிரிக் கோட்டையில் வார்த்த பீரங்கிகளை எப்படி ஆற்றினார்கள்?

அனோடைஸ் செய்த (மேலே ஆக்சைடு படலம் ஏற்றிய) அலுமினியம் தாங்கும். தாங்காதது அதில் ஏறும் எஃகுத் திருகின் அடி. உப்பு ஈரத்தில் இரண்டு உலோகம் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி தள்ளும். திருகுக்கு கிரீஸ் வையுங்கள், மாதம் ஒருமுறை கழற்றுங்கள்.

குழல்வாய் வழியே வெடிமருந்து நிரப்பும் பீரங்கியில் கைப்பிடிக் காப்பு கிடையாது. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் நீண்ட கோலில் ஈரப் பஞ்சுருளையை உள்ளே விட்டுத் துடைத்தார்கள். ஆறுவதைவிட, உள்ளே மிஞ்சிய தீக்கங்குகளை அணைப்பதுதான் அதில் முக்கியம். அணையாத கங்கின்மேல் அடுத்த மருந்தைத் திணித்தால் ஆள் போய்விடுவான்.

நாகர்கோவில் மாணவர் மறுபடியும்: பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் த்ரீடி பிரிண்ட் எடுத்து, எங்கே சோதிப்பது சார்?

பி.எல்.ஏ. 60 டிகிரியிலேயே குழையும், அளவு பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு நிஜ பேரல் பக்கமே போகக்கூடாது மக்களே. 1959 ஆயுதச் சட்டத்தில் ஆயுதத்தின் பாகங்களும் ஆயுதம்தான், லைசென்ஸ் இல்லாமல் செய்வது குற்றம். அதற்குத் தேவையும் இல்லை. பேரல் பருமனில் எஃகுக் கம்பி ஒன்றை லேத்தில் துளைத்து, உள்ளே குச்சி ஹீட்டர் செருகி, வெளியே கருப்பாக்குங்கள். கே வகை தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் உணரி) நான்கு போதும்: கம்பியில் ஒன்று, தகட்டில் ஒன்று, கை படும் மேல்பரப்பில் இரண்டு. கம்பியை 250 டிகிரிக்கு ஏற்றி, கரண்டை நிறுத்தி, இருபது நிமிடம் எழுதுங்கள். கம்பி ஆறத் தொடங்கிய பிறகும் மேல்பரப்பு ஏறிக்கொண்டே போகும். அந்த உச்சம்தான் உங்களுக்கு வேண்டிய எண். ஹீட்டரை அணைத்ததும் எழுதுவதை நிறுத்திவிட்டால் அது கைக்குச் சிக்காது.