மருத்துவத்தில் ஆன்மிகத்துக்கும் கருணைக்கும் என்ன வேலை?

இதற்கு ஒரு மருத்துவர் பதில் சொல்வதுதான் முறை. நான் வங்கியில் வேலை பார்ப்பவன். கோயில் குளம் என்று அதிகம் போகாதவன். ஆனால் 2022 கார்த்திகையிலிருந்து 2023 சித்திரை வரை அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவன். அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

அப்பாவுக்கு புராஸ்டேட் சுரப்பியில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த தனியார் மருத்துவமனையில் ஒருநாள், "இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், கடவுளை வேண்டிக்கொள்ளுங்கள்" என்றார்கள். கையில் கொடுத்தது காய்ச்சலுக்கும் கொடுக்கிற சாதாரண வலி மாத்திரை. குரலில் கனிவு இருந்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் அன்று இரவு அப்பா புரண்டு படுக்க முடியாமல் கத்தியபோதுதான் எனக்கு உறைத்தது: மருந்து இருக்கவேண்டிய இடத்தில் கடவுளை வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தவர்களும் சளைத்தவர்கள் இல்லை. "எல்லாம் போன பிறவிக் கணக்கு" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

பிறகு அரசு மருத்துவமனையின் வலி நிவாரணப் பிரிவைப் பற்றிக் கேள்விப்பட்டு அங்கே போனோம். அபினிலிருந்து எடுக்கிற, கடும் வலிக்கான மார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, இரவு படுக்கும்போது இரண்டு. வலி வந்தபிறகு போடுவது அல்ல, வருவதற்கு முன்பே கடிகாரம் பார்த்துப் போடுவது. கூடவே மலமிளக்கியும் தினமும் உண்டு, ஏனென்றால் மார்ஃபின் மலச்சிக்கலை உண்டாக்காமல் விடாது. "போதை மருந்தா கொடுக்கிறாய்?" என்று சித்தப்பா குதித்தார். அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மருத்துவமனைகளையே மார்ஃபினைத் தொட அஞ்சும்படி செய்துவிட்டிருந்தது. 2014-இல்தான் அதைத் திருத்தினார்கள். நடுவில் எத்தனை பேர் கத்திக்கொண்டே போய்ச் சேர்ந்தார்களோ.

மூன்றாம் நாள் அப்பா திருநீறு கேட்டார். அதுவரை சாமி பெயரையே எடுக்காதிருந்தவர். ஏன் என்று கேட்டதற்கு, "வலிக்கிறபோது சாமி நினைப்பு எங்கே வரும்?" என்றார்.

சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்க லண்டனில் 1967-இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் பற்றி அதன்பிறகுதான் படித்தேன். முதலில் செவிலியர், பிறகு மருத்துவமனையில் சமூகப் பணியாளர், நாற்பதை நெருங்கும்போது மருத்துவர். ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உடையவர். சாகக் கிடப்பவரின் வலியில் உடல், மனம், குடும்பம், ஆன்மா நான்கும் பின்னிக் கிடக்கின்றன என்று சொல்லி, அதை 'முழு வலி' என்றார். எனக்குப் பிடித்தது, அவர் பிரார்த்தனையோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பது. மார்ஃபினை வேளை தவறாமல் வாய்வழியாகக் கொடுக்கும் முறையை அவர் அவ்வளவு கறாராகப் பின்பற்றினார். நம் பக்கத்தில் கோழிக்கோட்டில் 1993-இல் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றவர்கள் வலி நிவாரணப் பணியைத் தொடங்கியதும் இந்த வழியில்தான். அங்கே ஊர்க்காரர்களே தொண்டர்களாகச் சேர்ந்து வீடு வீடாகப் போனார்கள்.

எங்கள் வீட்டுக்கு வாரம் ஒருமுறை ஒரு செவிலியர் வருவார். வந்ததும் நாற்காலியை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்காருவார். கருணை என்றால் எனக்கு அந்த நாற்காலி இழுபடும் சத்தம்தான் நினைவுக்கு வருகிறது. "நான் யாருக்கு என்ன கெடுதல் செய்தேன் தாயி?" என்று அப்பா ஒருநாள் கேட்டார். செவிலியர் பிறவிக் கணக்கும் சொல்லவில்லை, 'அப்படியெல்லாம் பேசக்கூடாது' என்று வாயை அடைக்கவும் இல்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்கள் மனதில் என்ன குறை ஐயா?" என்றார்.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகமுடியாது என்பதுதான் குறை. எழுபது வருடத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லையாம். கோயில் எங்கள் வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டர், கடைசி மூன்று கிலோமீட்டர் கரட்டுப் பாதை. நான் முடியாது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் செவிலியர் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துவிட்டார். கிளம்புவதற்கு அரைமணி நேரம் முன்னால் கூடுதலாக ஒரு மாத்திரை, இடுப்புக்கு இரண்டு தலையணை, கரட்டுப் பாதையில் மாட்டுவண்டி வேகம். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். குலதெய்வ வழிபாட்டுக்கு மருந்துச்சீட்டு எழுதி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

போனோம். அப்பா காரைவிட்டு இறங்கவில்லை. பூசாரி கதவருகே வந்து சந்தனம் பூசிவிட்டார். திரும்பும் வழி முழுவதும், பொங்கலில் வெல்லம் குறைவு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பதம் தெரியவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

அடுத்த வாரம் செவிலியர் வந்ததும் அப்பா இதையெல்லாம் மறுபடி முதலிலிருந்து சொன்னார். அவர் பொறுமையாகக் கடைசிவரை கேட்டுவிட்டு, "சரி ஐயா, வெளிக்குப் போய் எத்தனை நாள் ஆகிறது?" என்றார்.